கிளம்பும் உயரம்

எங்கள் மலை ஊரில் கோல்ஃப் மைதானத்தில் பை தூக்குவதற்குக் கேடி வேலை என்று பெயர். போலீஸ் ஸ்டேஷனில் பட்டியல் போட்டு வைத்திருப்பார்களே, அந்தக் கேடியும் இந்தக் கேடியும் ஊர் வாயில் ஒன்றுதான். என் தாய்மாமா இருபத்தைந்து வருஷம் கேடியாக இருந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் தொழிலைச் சொன்னதும் பெண்ணின் தகப்பனார் எழுந்து உள்ளே போய்விட்டாராம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் கடைசிவரை அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

அப்பா இறந்தது 1974இல். அந்த வருஷமே நானும் மாமாவுடன் போகத் தொடங்கினேன். பன்னிரண்டு வயது. பை தூக்குகிற உடம்பு இல்லை. பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வதும், அடித்து முடித்த மட்டையை வாங்கித் துடைத்து வைப்பதும் என் வேலை. பதினெட்டுக் குழிக்கு மாமாவுக்கு மூன்று ரூபாய். எனக்கு எட்டணா. அதுவும் துரையின் மனசைப் பொறுத்தது.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பையில் இருக்கும் மட்டைகளில் வெட்ஜ் என்பது முகம் மிகவும் மல்லாந்த இரும்பு மட்டை. சாய்வு 46 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை இருக்கும். குழி இருக்கிற புல்தரையை நெருங்கிவிட்ட பிறகு, ஐம்பது அறுபது கஜத்திலிருந்து அடிப்பதற்கு அதை எடுப்பார்கள். மல்லாந்த முகம் பந்தை உயரத் தூக்கும். உயரப் போன பந்து மெத்தென்று விழும். பார்க்க அழகாக இருக்கும். கிளப் வராந்தாவில் கைதட்டுவார்கள்.

இன்னொரு அடி உண்டு. பந்து தாழ்வாக, எதிலோ இடித்துவிடும்போல விரைந்து போகும். தரையில் ஒரு குதி, இன்னொரு குதி. ஓடிப் போய்விடும் என்று நினைக்கும்போது கயிற்றால் இழுத்ததுபோல் நின்றுவிடும். மலைக்காற்றுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. உயரப் போகிற பந்தைக் காற்று எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும். மாமா அதைக் கடிக்கிற பந்து என்பார். பம்பரம் தரையைக் கடிக்கிறது என்கிறோமே, அந்தக் கடி.

திங்கட்கிழமைகளில் கிளப்புக்கு விடுமுறை. அன்று மட்டும் கேடிகள் விளையாடலாம். மாமாவிடம் இருந்தது ஒரே ஒரு மட்டை, யாரோ தூக்கிப்போட்ட பழைய வெட்ஜ். கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். பந்துகள் புதரில் பொறுக்கியவை. அந்தக் காலத்து நல்ல பந்துகளுக்குப் பலாட்டா என்ற மெல்லிய ரப்பர் போன்ற மேல்தோல். அடி பிசகினால் சிரிப்பதுபோல் வாய் பிளந்துகொள்ளும். துரைமார்கள் எறிந்துவிடுவார்கள். வாய் பிளந்த அந்தப் பந்துகளை மாமா காற்றுக்குக் கீழே விட்டு அடிப்பார். கொடியிலிருந்து ஒரு கை தூரத்தில் அவை நிற்கும். பார்க்க நானும் இரண்டு மூன்று கேடிகளும் தவிர யாரும் இல்லை.

எனக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். பந்தை இரண்டு காலுக்கும் நடுவிலிருந்து கொஞ்சம் வலது காலின் பக்கம் தள்ளி வைக்கச் சொன்னார். உடம்பின் பாரம் இடது காலில். கை பந்தைத் தாண்டி முன்னால் இருக்க வேண்டும். மட்டையை முழுக்க ஓங்கக் கூடாது, முக்கால் போதும். அடித்த பிறகு மட்டையைத் தோளுக்கு மேலே கொண்டுபோகாமல் இடுப்பளவில் நிறுத்த வேண்டும். நான் கோடாலியால் விறகு பிளப்பதுபோல் மேலிருந்து இறக்குவேன். ஓங்கி வெட்டினால்தான் சுழலும் என்று எனக்கு எண்ணம். அநேகம் துரைகளுக்கும் அதே எண்ணம்தான்.

“வெட்டாதடா மாப்ளே, ஒரசு” என்பார் மாமா. “தீப்பெட்டில குச்சியக் கிழிக்கிற மாதிரி. பெட்டி நனஞ்சிருந்தா பத்துமா?”

பனி பெய்கிற ஊரில் தீப்பெட்டி உவமை எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததாக நினைத்தேன்.

ஒரு டிசம்பர் மாதம். மாமா வழக்கமாகப் பை தூக்குகிற துரை ஒருவர் பந்தயம் கட்டி ஆடினார். எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர்கள் பேசாமல் நடப்பதைப் பார்த்தால் பெரிய தொகை என்று தெரியும். கடைசிக் குழிக்கு முந்தினது. காலைப் பனி இன்னும் புல்லில் இருந்தது. குறுக்காகக் காற்று. குழித்தரைக்குப் பின்னால் சரிவு, அதன்கீழ் சோலைக்காடு. போன பந்து வராது. மாமா பையை என்னிடம் விட்டுவிட்டுக் கொடியைப் பிடிக்க முன்னே போயிருந்தார்.

துரை வெட்ஜைக் கேட்டார். கொடுத்தேன். அதற்கு முந்தின குழியில் நனைந்த புல்லிலிருந்து அவர் அடித்த மட்டை அது. அதன் முகத்து வரிகளில் புல்லும் சேறும் அப்படியே இருந்தன. நான் துடைக்கவில்லை. ஏன் துடைக்கவில்லை என்பதற்கு இவ்வளவு வருஷம் கழித்தும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். கை விறைத்திருந்தது என்று ஒரு காரணம் சொல்லலாம். உண்மையில் நான் எட்டணாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

துரை சரியாகத்தான் அடித்தார். பந்து மேலே கிளம்பிற்று. காற்றில் கொஞ்சம் ஒதுங்கிக் குழித்தரையின் நடுவில் விழுந்தது. நிற்கவில்லை. நாய்க்குட்டி ஓடுவதுபோல் ஓடிச் சரிவில் இறங்கிச் சோலைக்குள் போய்விட்டது.

துரை மட்டையின் முகத்தைப் பார்க்கவில்லை. காற்றைத் தப்பாகச் சொன்னதாக மாமாவைத் திட்டினார். அன்று சாயங்காலம் கிளப்பில் மாமாவை ஒரு மாதத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாமா ஒன்றும் பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு மௌனமும் ஒரே ஜாதி என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது மாமா கேட்டார்: “பந்து ஒசரமாக் கெளம்புச்சு, பாத்தியா?”

“பாத்தேன் மாமா. காத்து தூக்கிருச்சு.”

“காத்தா?” என்றார். அதற்குமேல் பேசவில்லை.

அந்த வேலையை மூன்று வருஷத்தில் விட்டேன். படித்தேன், சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவானேன், கவிதை எழுதினேன், பிறர் கவிதையைப் பற்றியும் எழுதினேன். கோல்ஃப் என் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது. சில வருஷங்களுக்கு முன்பு, ஓய்வுபெற்ற பிறகு, எதையோ தேடப்போய் வெட்ஜ் அடியைப் பற்றி ஒரு கட்டுரையைப் படிக்க நேர்ந்தது. இப்போது ராடார் கருவிகளை வைத்துப் பந்தின் வேகம், சுழற்சி, கிளம்பும் கோணம் எல்லாவற்றையும் அளந்துவிடுகிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களின் வெட்ஜ் அடியில் பந்து நிமிஷத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் பின்னோக்கிச் சுழல்கிறது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியின் 2,000இல் ஒரு பங்கு நேரம். அதற்குள் பந்து மல்லாந்த முகத்தின்மேல் வழுக்கி ஏறப் பார்க்கிறது. உராய்வு அதைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. பந்தைச் சுழல வைப்பதும் அந்த இழுப்புதான், அதைத் தாழ்வாகக் கிளம்ப வைப்பதும் அந்த இழுப்புதான்.

தாழ்வு வேறு, சுழற்சி வேறு என்று நான் நினைத்திருந்தேன். ஆட்டக்காரன் இரண்டு வித்தைகளைச் சேர்த்துச் செய்கிறான் என்று. அது ஒரே பிடியின் இரண்டு பலன்கள். முகம் ஈரமாகவோ புல் ஒட்டியோ இருந்தால் பிடி போய்விடுகிறது. அதே மட்டை, அதே அடி. பந்து உயரமாகக் கிளம்புகிறது, குறைவாகச் சுழல்கிறது, விழுந்து ஓடுகிறது. மட்டை முகத்தின் வரிகள் பந்தைக் கீறிச் சுழற்றுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உலர்ந்த முகத்தில் அவற்றுக்கு அதிக வேலையில்லை. லாரி டயரின் பள்ளங்களைப்போல நீரையும் புல்லையும் ஒதுக்கிவிடுவதுதான் அவற்றின் வேலை. அந்த வரிகளின் அளவையும் விளிம்பின் கூர்மையையும் கட்டுப்படுத்தி 2010இல் விதியை மாற்றினார்கள். நீண்ட புல்லிலிருந்தும் பந்தை நிறுத்திவிட முடிகிறது, ஆட்டம் சுலபமாகிவிட்டது என்பது காரணம். ஆக, அந்த வரிகள் சுத்தமாக இருப்பதும் இல்லாததும் அற்ப விஷயமல்ல. அதைச் சுத்தமாக வைக்கத்தான் எனக்கு எட்டணா.

படித்து முடித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாமா அன்று கொடியருகே நின்றிருந்தார். மட்டையை அவர் பார்க்கவில்லை, பந்து கிளம்பியதை மட்டும்தான் பார்த்தார். அது போதும். பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே, மேலே இருக்கும்போதே, மட்டையின் முகம் ஈரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. யார் கையிலிருந்து அந்த மட்டை போயிற்று என்பதும் தெரியும். துரை திட்டும்போது ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எட்டணா போயிருக்கும், வீட்டில் என் அம்மாவும் தங்கையும் இருந்தார்கள். அவருடைய மௌனமும் என்னுடையதும் ஒரே ஜாதி இல்லை.

நானோ பந்து விழுந்த இடத்தையே பார்க்கப் பழகியவன். விமர்சனம் என்று எழுதியதிலும் அதைத்தான் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு கவிதை எங்கே போய் நின்றது என்று பார்த்தேனே தவிர, எந்தப் பிடியிலிருந்து கிளம்பியது என்று பார்த்தது குறைவு.

மாமா 1991இல் இறந்துபோனார். நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்ததால் சொல்லவில்லை.

இன்னொன்றும் இப்போதுதான் விளங்கியது. அவரை வரவேண்டாம் என்று சொன்ன மறுநாள் காலை, நான் தனியாகக் கிளம்பியபோது, மாமா தன் துண்டை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என்னிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. குளிருக்கு என்று நினைத்து அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனேன்.