அப்பாவின் இசைத்தட்டு ஊசி



கடந்த பள்ளி விடுமுறையில், தெலுக் பங்லிமா காராங் வீட்டில் அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்தேன். அவர் மறைந்தபின் இருபது ஆண்டுகளாக யாரும் அதைத் தொட்டதில்லை. ஓடாத பொருள் தேயாது என்றே எண்ணியிருந்தேன். அவருக்குப் பிடித்த டி.எம்.சௌந்தரராஜனின் முருகன் பாடல் தட்டைச் சுழலவிட்டேன். குரல் கரகரத்தது. தூசி போலும் என்று மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தேன். அதுதான் நான் செய்த பிழை.

கிள்ளானில் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் உருப்பெருக்காடியில் காட்டினார். ஊசிமுனையின் வைரம் நன்றாகவே இருந்தது. ஊசியைத் தாங்கும் நுண்தண்டின் அடியிலுள்ள ரப்பர்தான் இறுகிப்போயிருந்தது. வளைந்துகொடுக்க இயலாத ஊசி, தட்டின் பள்ளச் சுவர்களை உழுதிருக்கிறது.

"ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும், டீச்சர்" என்றார்.

அப்பாவினது ஷூர் எம்44 கார்ட்ரிஜ். கம்பிச்சுருள் உள்ள உடற்பகுதி கெடவில்லை. காந்தமும் ஊசியும் சேர்ந்த முன்பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். (அதற்கும் முற்பட்ட ரோஷல் உப்புப் படிக வகையாக இருந்திருந்தால், நம் ஊர் ஈரக்காற்றுக்குப் படிகமே பாழாகியிருக்கும்.) ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. எனினும் ஜப்பானின் ஜிகோ நிறுவனம் இதற்கு மாற்று ஊசி செய்கிறது. வாங்கிப் பொருத்தினேன்.

வீட்டில் இத்தகைய பெட்டி வைத்திருப்போர், முதலில் ஊசியைக் காட்டிச் சரிபாருங்கள். பிறகு தட்டைப் போடுங்கள்.

மற்றத் தட்டுகள் இப்போது தெளிவாகப் பாடுகின்றன. அந்த முருகன் பாடலில் மட்டும் கரகரப்பு நிலைத்துவிட்டது.