அத்திம்பேரின் தோட்டம்

கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரன் எழுத ஆரம்பித்தால், பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போகத் தோன்றும் உங்களுக்கு. கொஞ்சம் பொறுங்கள். இது ஒரு தோட்டத்தின் கதை.

என் அத்திம்பேர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. அவருடைய மடிக்கணினி அக்கா வீட்டு அலமாரியில் கிடந்தது. 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பராமரிப்பு நின்றுவிட்டது. அடுத்த விண்டோஸைத் தாங்க அந்தக் கிழட்டு யந்திரத்துக்குத் தெம்பில்லை. "இதற்கென்ன, லினக்ஸ் போட்டால் போயிற்று" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1991-ல் பின்லாந்தில் ஒரு மாணவர் ஆரம்பித்து வைத்த சமாசாரம் அது. காசில்லாமல் கிடைக்கிறது, பழைய யந்திரத்திலும் ஓடுகிறது. ஓடிற்று. அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

பாட்டு வகுப்பிலிருந்து வந்த அக்கா பெண் திரையைப் பார்த்தாள். "மாமா, அப்பாவும் நானும் போட்ட தோட்டம் எங்கே?" என்றாள்.

'ஸ்டார்டியூ வாலி' என்று ஒரு விளையாட்டு. (கிஷ்கிந்தை வாலி இல்லை; பள்ளத்தாக்கு என்று அர்த்தம்.) பெரிய கம்பெனி செய்ததல்ல. அமெரிக்காவில் எரிக் பரோன் என்ற இளைஞர், சித்திரம், சங்கீதம், கதை எல்லாவற்றையும் தாமே ஒண்டியாகச் செய்து, நாலு வருஷத்துக்கு மேல் பாடுபட்டு 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். தாத்தா ஒரு கடிதமும் பண்ணையும் விட்டுப் போகிறார். பேரப்பிள்ளை அதை உழுது பயிரிட வேண்டும். அவ்வளவுதான். அத்திம்பேரும் பெண்ணும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதில் விவசாயம் செய்வார்களாம். எனக்கு அது தெரியாது. தெரியாமல் அழித்துவிட்டேன்!

நல்லவேளையாக, அலுவலக நண்பர் ஒருவர் அதட்டியிருந்ததால், முன்பே முழு வட்டையும் வெளியே நகலெடுத்து வைத்திருந்தேன்.

விளையாட்டு கிடைப்பது கஷ்டமாக இல்லை. அதே 2016 ஜூலையிலேயே லினக்ஸுக்கும் வந்திருக்கிறது. அத்திம்பேரின் கடவுச்சொல் அக்காவின் பால் கணக்கு நோட்டில் இருந்தது. இறக்கிய கோப்பைத் தட்டினால், விளையாட்டுக்குப் பதில் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக்கள் கொட்டின. லினக்ஸ் சந்தேகப் பிராணி. 'இதை இயக்கலாம்' என்று நாம் அனுமதி கொடுத்தால்தான் அசையும். கொடுத்தேன். தாத்தாவின் கடிதம் வந்தது. அத்திம்பேரின் பண்ணை வரவில்லை.

நகலில் படங்கள் இருந்தன, வங்கிக் காகிதங்கள் இருந்தன. பண்ணையைக் காணோம். இரண்டு ராத்திரி தேடினேன். அக்கா பெண் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. மூன்றாம் நாள், விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கும் 'ஆப்டேட்டா' என்ற உறைக்குள் அகப்பட்டது: அவளுடைய செல்லப் பெயர், பின்னால் ஒரு நீண்ட எண்.

லினக்ஸிலும் அதற்கென்று ஓர் ஒளிவிடம் உண்டு. அங்கே 'சேவ்ஸ்' என்று ஓர் உறை செய்து பண்ணையைக் கொண்டு வைத்தேன். அப்போதும் வரவில்லை! காரணம், ஆங்கில எழுத்து. சின்ன 'எஸ்' போட்டிருந்தேன். பெரிய 'எஸ்' போட வேண்டுமாம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு. சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்ற வம்பே இல்லாத தமிழில் பிழைக்கிறவனுக்கு இது எப்படித் தோன்றும்?

ஓர் எழுத்தை மாற்றினேன்.

காலை மணி ஆறு. வசந்த காலம். வாசலில் நாய். வரிசை வரிசையாகக் கிழங்குச் செடிகள். யாரும் விளையாடாதபோது அந்த ஊரில் பொழுது நகர்வதில்லை. இரண்டு வருஷம் தண்ணீரில்லாமலும் ஒன்றுகூட வாடவில்லை. அக்கா சமையலறை வாசற்படியிலேயே நின்றாள்.

குழந்தை பூவாளியை எடுக்கவில்லை. "மாமா, முதல்லே இதுக்கு ஒரு நகல் எடுத்து வெச்சுடு. அப்புறந்தான் தண்ணி விடுவேன்" என்றாள்.

எடுத்து வைத்தேன். ஒன்றல்ல, மூன்று.