பாவெல் ஏரியில் பாறை தரும் வெளிச்சம்

யூட்டா, அரிசோனா எல்லையில், பாலைவனத்துக்கு நடுவே பாவெல் ஏரி. 1963-இல் கிளென் கேன்யன் அணை கொலராடோ ஆற்றை மறித்ததால் பிறந்தது. அங்கே படகுவீட்டில் தங்கி மாடல்களைப் படமெடுப்பவர்கள் உச்சிவெயிலுக்குப் பயப்பட வேண்டாம். சிறு படகில் குறுகலான பக்கப் பள்ளத்தாக்குக்குள் போய்விடுங்கள். எதிர்ச்சுவரில் வெயில் அடிக்க, நிழலில் நிற்கும் பெண்ணின் கன்னத்தில் செம்மணற்கல்லின் நிறம் மெல்ல ஏறும். எந்த ரிஃப்ளெக்டரும் இதைத் தந்து நான் பார்த்ததில்லை! ஒயிட் பேலன்ஸை மட்டும் ஆட்டோவில் விடாதீர்கள், அந்தச் செம்மையைக் கேமரா குறைத்துவிடும்.

பாறையில் தெரியும் வெள்ளைப் பட்டை, நீர்மட்டம் இறங்கியதால் வெளியே தெரியும் சுண்ணப் படிவு. அதை எடிட்டிங்கில் அழிக்க எனக்கு மனசு வராது. ஏரி வற்றியிருக்கிறது, படத்திலும் அது தெரியட்டும்.

இன்னொன்று: வெயில் பட்ட பாறையில் மாடலை வெறுங்காலோடு நிறுத்தாதீர்கள். பாவம், சிரித்துக்கொண்டே சூட்டைத் தாங்குவார்கள்.