தாத்தா கொடுத்த தண்டால்!

போன மே மாச லீவுல நடந்த கூத்து இது. வீட்டுல நானும் தாத்தாவும் மட்டும். பாத்ரூம் பக்கம் 'தொப்'புனு ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தா, தாத்தா வழுக்கி விழுந்து கிடக்கார். "ஒண்ணுமில்லடா, தூக்கி விடு"ன்னு கையை நீட்டினார். தூக்கினேன்... தூக்கினேன்... ம்ஹூம்! இருபது வயசுப் பையன், அறுபது கிலோ மனுஷரை உட்கார வைக்கக்கூட முடியலை. கடைசியில எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து ஒரு தோள், நான் ஒரு தோள். நல்லவேளை, அடி எதுவும் இல்லை. எனக்குத்தான் நாலு நாளா சோறு இறங்கலை.

ஜிம்முக்குப் போகலாம்னா, அந்த ஃபீஸ் ஹாஸ்டல் மெஸ் பில்லோட போட்டி போடுது. தாத்தாகிட்ட புலம்பினேன். சின்ன வயசுல தேகப்பயிற்சி சாலைக்குப் போனவர். "பாய் ஒண்ணு இருக்கா? போதும். தண்டால் எடு, பஸ்கி போடு"ன்னுட்டார்.

"புஷ்-அப்தானே தாத்தா?"

"அதுக்கு அண்ணன்டா இது!"

நிஜம்தான். கையும் காலும் தரையில ஊன்றி, இடுப்பு மட்டும் கூரை மாதிரி மேலே. அங்கிருந்து தலையைக் கீழே விட்டு, நெஞ்சு தரையை உரசாமல் முன்னால வந்து, பாம்பு படமெடுக்குற மாதிரி நிமிரணும். அப்புறம் மறுபடி கூரை. தோள், முதுகு, கை எல்லாத்துக்கும் ஒரே வேலை. மூணாவதுல நான் பாயோட பாயா ஆயிட்டேன். பஸ்கி சுலபம்னு நினைச்சு முப்பது போட்டேன். மறுநாள் மாடிப்படியில ரிவர்ஸ்லதான் இறங்கினேன்.

"காமா பயில்வான் இதைத்தான்டா ஆயிரக்கணக்குல எடுத்தார்!" - தாத்தாவோட ஆல்டைம் ஹீரோ. 1910-ல லண்டன்ல ஸிபிஸ்கோங்கிற போலந்து மல்லர், காமாகிட்ட தோற்காம இருக்க ரெண்டரை மணி நேரம் தரையோட ஒட்டிக் கிடந்தாராம். மறுபடி ரெண்டு பேரும் மோதினது 1928-ல, பாட்டியாலாவுல. ஒரு நிமிஷத்துக்குள்ள மேட்டர் ஓவர்!

நமக்கு ஆயிரமெல்லாம் வேண்டாம்... தாத்தா சொன்ன கணக்கு, அஞ்சுல ஆரம்பிச்சு வாரத்துக்கு ரெண்டு கூட்டு. வெறும் வயித்துல எடு. மூச்சை அடக்காதே. அவ்வளவுதான்.

ஹாஸ்டல்ல 'பயில்வான்'னு பேர் வெச்சு ஓட்டினாங்க. ஓட்டினதுல ரெண்டு பேர் இப்போ என் பக்கத்துல பாய் விரிக்கிறாங்க. செமஸ்டர் எக்ஸாம் வந்தப்போ ஒன்பது நாள் கட் அடிச்சேன், மறுபடி பத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். இப்போ இருபத்தஞ்சு தண்டால், நாற்பது பஸ்கி. பன்னிரண்டு நிமிஷம். சிக்ஸ்பேக்கா? சிங்கிள் பேக்கூட கிடையாது பாஸ். வெயிட்டும் அப்படியேதான் இருக்கு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பையைக் கீழே வைக்கக்கூட விடலை. தாத்தா பாயை விரிச்சு, வேணும்னே கையைக் காலைத் தளர விட்டுப் படுத்துக்கிட்டார்.

"எங்கே, தூக்கு பார்ப்போம்."

அக்குள்ல கையைக் கொடுத்து, பஸ்கியில எழுந்திரிக்கிற மாதிரியே எழுந்தேன்.

"மெதுவாடா... வேட்டி அவுருது!"