பொதிகைப் பாறையில் கல்பாசிக் கோலம்

அம்பாசமுத்திரம் தாண்டி பாபநாசம் மலைச்சாலையில் ஏறினால், எல்லோருடைய கண்ணும் தாமிரபரணியைத்தான் தேடும். சாலையோரப் பாறையை யாரும் கவனிப்பதில்லை. சற்று நின்று பார்த்தால், அதில் சாம்பல், வெளிர்பச்சை, மஞ்சள், கறுப்பு என வட்ட வட்டமாகத் திட்டுகள். யாரோ சுண்ணாம்பைத் தெளித்துவிட்டுப் போனதுபோல இருக்கும்.

அவை கறை அல்ல, உயிர்! பெயர் லைக்கன். பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் மணம் கூட்டும் கல்பாசியும் இந்தக் கூட்டம்தான். பெயரில் பாசி இருந்தாலும், இது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டித் தருகிறது. பாசி வெயிலைக் கொண்டு சமைத்துப் போடுகிறது. 1860-களில் சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, பல அறிஞர்கள் ஏற்கவே இல்லை.

இந்தியாவில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட லைக்கன் இனங்கள் உண்டு. பாறையோடு பொருக்காக ஒட்டியவை, இலைபோல விரிந்தவை, குட்டிப் புதராகக் கிளைத்தவை எனத் தோற்றத்தில் மூன்று வகை.

ஒரே இனம்கூட இடத்துக்கு இடம் வேறு முகம் காட்டும். வெயிலில் இருப்பது நிறமியைக் கூட்டிக்கொண்டு அடர்ந்த நிறமாகும். நிழலில் இருப்பது வெளிறிப்போகும். காய்ந்தபோது சாம்பலாக இருப்பது, மழையில் நனைந்த சில நிமிடங்களில் பச்சையாகிவிடும். மேல்தோல் ஈரத்தில் கண்ணாடிபோலத் தெளிய, உள்ளே இருக்கும் பாசி தெரிவதுதான் காரணம். சில பூஞ்சைகள், கூட்டுச்சேரும் பாசி மாறினால் உருவத்தையே மாற்றிக்கொள்ளும்.

வேர் கிடையாது. மழையும் காற்றும் தருவதுதான் சாப்பாடு. அதனால் காற்று கெட்டால் முதலில் வாடுவதும் இவைதான்.

வளர்ச்சியோ ஆமை வேகம். பொருக்கு வகைகள் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட விளிம்பு நகர்வதில்லை. 8 சென்டிமீட்டர் அகலத் திட்டு என்றால், வயது 40-ஐத் தாண்டியிருக்கும். பாறையில் பெயர் கிறுக்க ஒரு நிமிடம் போதும். சுரண்டப்பட்ட திட்டு மறுபடி வளர ஒரு தலைமுறை வேண்டும்.

இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதி. கல்பாசியானாலும் பெயர்த்து வரக் கூடாது. குழம்புக்கு மளிகைக்கடைக் கல்பாசியே போதும். காரையாறு போகிறவர்கள், மழை விட்டதும் ஒரு பாறை அருகில் நின்று பாருங்கள். சாம்பல் பச்சையாகும் அந்த வேடிக்கைக்குக் கட்டணம் இல்லை.