பல்லடத்துக் கோழி, பட்டாயாக் கோழிச்சோறு... நடுவில் ஒரு காதல்!

விடியற்காலை நாலு மணிக்குப் பல்லடத்தில் ஒரு டீக்கடை முன்னால் நின்றால் போதும், ஊர் எதனால் பிழைக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கூண்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கிய கோழி வண்டிகள் கோவை - திருச்சி சாலையில் விரைகின்றன. வெள்ளை இறகு ஒன்று காற்றில் மிதந்து வந்து பெஞ்சில் உட்காருகிறது. சாலையை விட்டு நாலு தெரு உள்ளே போனால் தறிக்குடோன்களின் ‘டடக் டடக்’ சத்தம். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு, கரன்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும்.

கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கும் ஒருங்கிணைப்புக் குழு இந்த ஊரிலிருந்துதான் இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒருவர் கோழிக்கறிக்குக் கொடுக்கும் காசுக்கும் பல்லடத்துக்கும் தொடர்பு உண்டு. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானபோது கோவையிலிருந்து பிரிந்து அதோடு சேர்ந்தது இந்த ஊர். ஒரு பக்கம் பனியன், ஒரு பக்கம் காடா துணி, நடுவே கோழி.

இப்படிப்பட்ட ஊரில், ஷிப்ட் முடிந்து வந்தவர் கையிலிருக்கும் போனில் ஒரு தாய்லாந்துத் தொடர் ஓடுகிறது. கதையே கோழிக்கடையில்தான் தொடங்குகிறது. பார்க்காமல் இருக்க முடியுமா?

கோழிக்கடை ஜிம்

தொடரின் பெயர் ‘மூன்லைட் சிக்கன்’. 2023இல் வெளிவந்தது, எட்டே பகுதிகள். கடற்கரை நகரமான பட்டாயாவில் இரவு நேரக் கோழிச்சோற்றுக் கடை நடத்துகிறார் ஜிம். வேகவைத்த கோழி, கோழிக் கொழுப்பில் வதக்கி ஆக்கிய சோறு, தொட்டுக்கொள்ள இஞ்சி மணக்கும் சாறு. கடை மூடும் நேரத்தில் குடித்துவிட்டு வந்து விழுகிறான் வென் என்ற வாடிக்கையாளன். அங்கே தொடங்குகிறது இரண்டு ஆண்களின் காதல்.

இந்த வகைத் தொடர்களுக்கு ‘பாய்ஸ் லவ்’, சுருக்கமாக பி.எல். என்று பெயர். ஜப்பானிய காமிக்ஸில் பெண்கள் பெண்களுக்காக எழுதி வளர்த்த கதை வகை இது. தாய்லாந்தில் இணைய நாவலாகிப் பிறகு தொலைக்காட்சிக்கு வந்தது. 2014இல் ‘லவ் சிக்’, 2016இல் ‘சோட்டஸ்’ என்று மெல்ல வேர்விட்ட தொடர்கள், 2020 கொரோனா ஊரடங்கில் ‘2கெதர்’ மூலம் உலகம் முழுக்கப் பரவின. யூடியூபில் இலவசம், ஆங்கில சப்டைட்டில் உண்டு, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் பார்க்க ஒரு இயர்போன் போதும்.

திருப்பூர் போகும் காலைப் பேருந்தில், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணும் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியும் இப்படிப் பேசிக்கொள்ளலாம்.

“ஏனுங்க்கா, நேத்து முடிச்சுட்டீங்களா?”

“முடிச்சேன் கண்ணு. அந்தக் கடைக்காரரு மூஞ்சியப் பாத்தா, எங்க மாமா குடோனை மூடுன அன்னிக்கு இருந்தாப்லயே இருக்குது.”

“அதுக்குத்தானுங்க்கா நடிப்புன்னு பேரு. அழுவவே இல்லீங்க பாருங்க!”

ஜிம்முக்குக் காதலை விடக் கடைதான் பெரிய கவலை. சகோதரியின் மகன் லீ மிங்கை வளர்க்கும் பொறுப்பு வேறு. அவனோ வெளிநாடு போகத் துடிக்கிறான். கடன், கடை, மருமகன் என்று தோளில் ஏற்றிக்கொண்டவனுக்கு, ‘எனக்கும் ஒரு ஆசை உண்டு’ என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கொங்கு நாட்டில் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்தக் கூச்சத்தைச் சப்டைட்டில் போட்டுப் புரியவைக்க வேண்டியதில்லை.

‘ங்க’வும் ‘க்ரப்’பும்

சப்டைட்டிலில் தொலைந்துபோகும் இன்னொரு விஷயமும் பல்லடத்துக் காதுக்குத் தப்பாது. அது மரியாதை.

தாய் மொழி பேசும் ஆண் மரியாதையாகப் பேசும்போது வாக்கியத்தின் முடிவில் ‘க்ரப்’ சேர்ப்பான். பெண் என்றால் ‘கா’. ஆங்கிலத்தில் இதற்கு இணை கிடையாது. கொங்குத் தமிழில் உண்டு. ‘வாங்க’, ‘சரிங்க’, ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’. மூன்று வயதுக் குழந்தையைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிடும் ஊர் இது.

உறவுச் சொல்லும் அப்படித்தான். தன்னைவிட மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் முன்னால் ‘பீ’ சேர்ப்பார்கள். இளையவருக்கு ‘நோங்’. ஆண், பெண் இருவருக்கும் இதே சொற்கள். நம் அண்ணா, அக்கா, தம்பி, கண்ணு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். நெருங்கிய நண்பர்களுக்குள் ‘கூ’, ‘முங்’ என்று ‘டா’ போட்டுப் பேசுவார்கள். அதே நண்பர்களுக்குள் காதல் வந்துவிட்டால் பேச்சு மென்மையாக மாறும். ஆங்கில சப்டைட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போகும். ‘நீ’ எந்த இடத்தில் ‘நீங்க’ ஆகிறது, ‘நீங்க’ எந்த இடத்தில் மறுபடி ‘நீ’ ஆகிறது என்பதிலேயே பாதிக் காதலைப் படித்துவிடும் ஊருக்கு, அந்த மாற்றம் குரலிலேயே கேட்கும்.

ஒரு சுவையான செய்தி. தாய் மொழியில் ‘ஃபேன்’ என்றால் ரசிகர் என்று மட்டும் பொருளில்லை, காதலன், காதலி என்றும் பொருள்!

சலித்துப்போன டெம்ப்ளேட்டுகள்

அதற்காக எல்லாவற்றையும் ரசிகர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. தடுக்கி விழுந்து கண்ணோடு கண் நோக்குவது, காய்ச்சலில் கிடப்பவனுக்கு ஈரத்துணியால் துடைத்துவிடுவது, விடுதியில் ஒரே ஒரு கட்டில் இருப்பது, கதை நடுவே நாயகன் நூடுல்ஸ் பொட்டலத்தைக் கேமராவுக்குக் காட்டுவது. இவையெல்லாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் டெம்ப்ளேட்டுகள்.

சிரிக்க முடியாதவையும் உண்டு. ‘சோட்டஸ்’ பொறியியல் கல்லூரியில் மூத்த மாணவர்கள் புதியவர்களைப் படுத்தும் சடங்கிலிருந்து தொடங்குகிறது. அதட்டும் சீனியர் ஆர்தித், எதிர்த்து நிற்கும் ஜூனியர் காங்பாப். திரும்பிய பக்கமெல்லாம் பொறியியல் கல்லூரி உள்ள கோவை வட்டாரத்தில் இந்தக் களம் அத்துப்படி. ஆனால் தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பழைய வலியும் உண்டு. 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். 1997இல் இங்கே ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதை நினைவில் வைத்திருக்கும் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், பாங்காக்கில் காதலின் முதல் படியாகத் தெரியும் காட்சி வேறு மாதிரி தெரியும்.

அதே தொடரில்தான், சீனியரை மனைவியாக்கிக்கொண்டால் அவருடைய பொருள் தனக்குச் சொந்தம் என்று ஜூனியர் சவால் விடுகிறான். இருவரில் ஒருவனுக்கு ‘மனைவி’ பட்டம் கட்டுவது ஆரம்பகால பி.எல். கதைகளின் நிரந்தர வழக்கம். ‘மனைவி’ என்பதை ஏன் கேலிச் சொல்லாக்க வேண்டும் என்பது பெண் ரசிகர்களின் கேள்வி. இடையில் வரும் பெண்களை எல்லாம் பொறாமைக்கார வில்லியாக்குவதும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

எல்லாவற்றையும் விடக் கடுமையாகக் கண்டிக்கப்படுவது, சம்மதம் கேட்காமல் நெருங்குவதைக் காதல் என்று காட்டுவது. இந்தக் கோபம் தாய்லாந்தோடு நிற்காது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிக்கும் நாயகனுக்கு விசில் அடித்து வளர்ந்த தமிழ் சினிமா ரசிகர்கள் நாம். இரண்டு ஆண்களின் கதையில் அதே காட்சி தவறாகத் தெரிந்தால், நம் படத்தில் மட்டும் அது எப்படிச் சரியாகும்? தொடர் பார்த்தவர் கேட்காமல் விடமாட்டார்.

இந்த டெம்ப்ளேட்டுகளை உடைத்ததற்காகவே கொண்டாடப்பட்டது, 2021இல் தொடங்கிய ‘பேட் படி’. அடுத்தடுத்த வீடு, போட்டி வியாபாரம், தலைமுறைப் பகை. அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் பாட்டும் ப்ரானும். யார் கணவன், யார் மனைவி என்ற கணக்குக்குள் இருவருமே அடங்குவதில்லை. பங்காளிச் சண்டையில் கிணற்றடியை நடுவே வேலி போட்டுப் பிரித்த ஊர்க்காரர்களுக்கு இது அந்நியக் கதை இல்லை. வீட்டோடு வெளிப்படையாக மோதி வெல்லாமல், வீட்டுக்குத் தெரிந்தும் தெரியாததுபோல நாட்களைக் கடத்தும் அதன் முடிவு இன்னும் நெருக்கம்.

அழாமல் அழவைப்பவர்கள்

நடிப்பைப் பற்றிய வாதம் தனி. ‘மூன்லைட் சிக்கன்’ ஜோடியான எர்த்தும் மிக்ஸும் 2021இல் ‘எ டேல் ஆஃப் தவுசண்ட் ஸ்டார்ஸ்’ தொடரிலும் சேர்ந்து நடித்தவர்கள். இரண்டையும் இயக்கியவர் ஆஃப் நொப்பர்னாச். ‘பேட் படி’யும் அவருடையதுதான். முதல் தொடரில் மலைக்கிராமத்து வன அதிகாரியாக விறைப்பாக நின்ற எர்த், இங்கே தோள் சரிந்த கடைக்காரர். அப்போது முப்பது வயதுகூட ஆகாதவர் எப்படி நடுவயது மனிதராக நம்பவைப்பார் என்று சந்தேகப்படுபவர்களுக்கு, ரசிகர்கள் காட்டும் சாட்சி அந்தக் களைப்புதான்.

காது கேளாத ஹார்ட், அவனோடு பேசுவதற்காகவே சைகை மொழி கற்கும் லீ மிங். இந்த இளம் ஜோடிக்கு வசனம் குறைவு. கையும் கண்ணும்தான் பேச வேண்டும். ‘இதுதான் உண்மையான தேர்வு’ என்பது பலர் கட்சி. 2020இல் வந்த ‘ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ’வையும் இதே வரிசையில் வைப்பார்கள். ஃபுக்கெட் தீவில் நூடுல்ஸ் கடைக்காரம்மாவின் மகன், தன் மனதைத் தானே ஒப்புக்கொள்ள முடியாமல் உடையும் கதை.

எதிர்க்கட்சியும் இருக்கிறது. தயாரிப்பு நிறுவனங்கள் ஒரே ஜோடியைத் தொடருக்குத் தொடர் நடிக்கவைத்து, மேடையிலும் கைகோத்து நிற்கவைக்கின்றன. எது நடிப்பு, எது வியாபாரம்? எம்.ஜி.ஆர் - சரோஜாதேவி, கமல் - ஸ்ரீதேவி என்று ஜோடி பார்த்துப் பழகிய தமிழருக்குப் புரியாத வித்தை இல்லை இது. ஆனால் படம் முடிந்ததும் நடிகரை வீட்டுக்கு விட்டுவிட வேண்டும் என்று இவர்கள் கேட்பது நியாயம்.

திரைக்கு வெளியே

‘நான் ஆண்களை விரும்புபவன் அல்ல, உன்னை மட்டும்தான்’ என்று நாயகன் சொல்வது பி.எல். தொடர்களின் இன்னொரு பழைய டெம்ப்ளேட். கேட்க இனிக்கும். ஆனால் தன்பாலீர்ப்புள்ள ஓர் இளைஞன் அதைக் கேட்டால், தன்னை மட்டும் வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தியது போலிருக்கும். பல்லடத்திலும் அப்படி ஓர் இளைஞன் இருப்பான். தறிக்குடோனில், கோழிப்பண்ணையில், கல்லூரி விடுதியில். அவனுக்கு இது பொழுதுபோக்கு மட்டுமல்ல.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்த உறவைக் குற்றமாகப் பார்க்கும் சட்டத்தை நீக்கியது. திருமண உரிமையை 2023 அக்டோபரில் மறுத்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் அது சட்டபூர்வம். இதற்கிடையே, 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் ‘சரிசெய்யும்’ சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை சொன்னது. அதன் தொடர்ச்சியாக, இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. ‘ங்க’ போட்டுப் பேசும் மண்ணில் அந்த மரியாதை எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டாமா?

இங்கே எந்தக் காதலுக்கும் ஆபத்து உண்டு. 2016 மார்ச்சில் சாதி மாறி மணந்ததற்காக ஓர் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட உடுமலைப்பேட்டை, பல்லடத்துக்குத் தெற்கே பேருந்தில் போய்வரும் தூரம்தான். அந்தச் சாலையில் போகும்போது காற்றாலைகள் சுழல்வது அழகாக இருக்கும். அந்த அழகோடு இந்த நினைவையும் சேர்த்துத்தான் இந்த ஊர் காதல் கதை பார்க்கிறது. ‘கடைசியில் இரண்டு பேரும் உயிரோடு, சேர்ந்து இருக்கிறார்களா?’ என்று முதலிலேயே விசாரித்துவிட்டுத் தொடரைத் தொடங்குபவர்களைக் கேலி செய்ய முடியாது.

இரவு பத்து மணி. பல்லடம் கடைவீதியில் கடைசிப் புரோட்டாக் கல்லும் ஆறுகிறது. தாய்லாந்தில் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் பழைய வழக்கம் ‘கின் காவ் ரூ யாங்’ என்பது. ‘சோறு சாப்பிட்டாச்சா?’ என்று அர்த்தம். பட்டாயாக் கோழிக்கடையில் ஜிம் தன் அன்பை அதிகம் பேசிக் காட்டுவதில்லை. ஒரு தட்டுச் சோறாகத்தான் வைக்கிறார். ஷிப்ட் முடிந்து களைத்து வரும் பிள்ளையிடம் பல்லடத்து அம்மாவும் காதலைப் பற்றியோ கவலையைப் பற்றியோ எதுவும் கேட்பதில்லை.

“சாப்ட்டியா சாமி?”

போனில் தொடரை நிறுத்திவிட்டு எழுந்து போகிறான் பிள்ளை. மற்றதை அவன் ஒருநாள் சொல்லும்போதும், அந்தக் கேள்வி அதே குரலில் வந்தால் போதும்.