கட்டுச்சோறும் குளக்கரை இசையும்

"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்பது நம் முன்னோர் வாக்கு. சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பழமொழியின் பின்பாதி அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு. முன்பாதியைச் சிந்திக்க வைத்தது, 2023ஆம் ஆண்டில் நம் பள்ளி மாணவரை ஜோகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்ற பயணமாகும்.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா 1859இல் அமைக்கப்பட்டது. 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே ஒரு குளமும், குளத்தின் நடுவே ஓர் இசைமேடையும், மேடையை நோக்கிச் சரிந்திறங்கும் புல்வெளியும் உள்ளன. 1979இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர்ச் சிம்பனி இசைக்குழு முதலானவை அம்மேடையில் கட்டணமின்றி இசை வழங்குவது வழக்கம். மக்கள் பாய் விரித்து, கொண்டுவந்த உணவை உண்டவாறே இசை கேட்பர். இக்காட்சியை நம் பிள்ளைகளும் காண வேண்டுமென விரும்பினோம்.

ஒரு மாதம் முன்னரே பெற்றோரைக் கூட்டினோம். மாணவர் 32 பேர், பெரியவர் 6 பேர் என முடிவாயிற்று. பேருந்து, கடப்பிதழ், புறப்படும் நேரம் யாவும் பேசி முடித்தபின் உணவைப் பற்றிய பேச்சு எழுந்தது. பட்டணத்துக் கடையில் ரொட்டியும் பொரித்த கோழியும் அட்டைப்பெட்டிகளில் வாங்கிக் கொள்ளலாம் என்று நாமே முன்மொழிந்தோம். வேலை எளிது என்று காரணம் கூறினோம். உள்ளத்தில் இருந்த காரணமோ வேறு. நாகரிகம் மிக்கோர் கூடும் இடத்தில் நம் பிள்ளைகள் வாழையிலைப் பொட்டலத்தை விரித்துக் கையால் உண்பதா என்ற கூச்சமே அது.

பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். நாற்பது ஆண்டுகள் கித்தா மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். "ஐயா, எங்கள் கைச்சோறு அங்கே ஆகாதுங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனாலேயே நமக்கு மறுமொழி எழவில்லை.

நம் தாயாரும் மரம் வெட்டியவரே. விடியுமுன் எழுந்து, தமக்குத் தூக்குச்சட்டியிலும் நமக்குப் பொட்டலத்திலும் சோறு கட்டி வைத்துவிட்டு வெட்டுக்குச் செல்வார். இடைநிலைப்பள்ளியில் பயின்ற நாளில், பட்டணத்துப் பிள்ளைகள் கண்டு நகைப்பர் என அஞ்சி, அப்பொட்டலத்தைப் பள்ளியின் பின்புறம் நின்று உண்டிருக்கிறோம். சில நாள்களில் உண்ணாமலே எறிந்தும் இருக்கிறோம். அதனை அறியாமலே தாயார் மறைந்துவிட்டார். அந்தக் கூச்சத்தை 32 பிள்ளைகளுக்கு நாமே பாடமாகக் கற்பிக்க இருந்தோம்! "ஆகும் அம்மா, கட்டுச்சோறே கொண்டு செல்வோம்" என்று அக்கூட்டத்திலேயே கூறிவிட்டோம்.

அதன்பின் திட்டமிடும் பொறுப்பைத் தாய்மாரே ஏற்றனர். காலையில் கட்டும் உணவு மாலை ஐந்து மணிக்குக் கெடாதிருக்க வேண்டும். ஆதலால் புளிச்சோறே ஏற்றது என்றனர். புளியும் நல்லெண்ணெயும் சோற்றை நெடுநேரம் காக்கும். தேங்காய் சேர்த்தது வெயிலில் விரைவில் ஊசிப்போகும். எல்லை கடந்து இறைச்சி கொண்டு செல்லக் கட்டுப்பாடுகள் உண்டாகையால் அதனைத் தவிர்த்தோம். நான்கு கிலோ அரிசியை வடித்து, அகன்ற தட்டுகளில் பரப்பி, நன்கு ஆறிய பின்னரே புளிக்காய்ச்சலுடன் கலந்தனர். சூட்டோடு கட்டினால் ஆவி நீராகிச் சோறு நசநசத்துவிடும் என்பது அவர்கள் அனுபவம். வாட்டிய வாழையிலையில் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் பருப்பு வடையும் வைத்து, மேலே தாள் சுற்றி நூலால் கட்டினர். 38 பொட்டலங்களும் ஒரே அளவு. தலைமையாசிரியருக்கென்று தனிப் பொட்டலம் இல்லை.

பாய்கள், குடிநீர்ப் புட்டிகள், மழையங்கிகள், கைவிளக்கு, குப்பைக்குப் பைகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு எடுத்துக் கொண்டோம். குடை விரித்தால் பின்னிருப்போர்க்கு மறைக்கும் என்பதால் குடை வேண்டாம் என்றோம். சிங்கப்பூருக்குள் சூயிங்கம் கொண்டுவர 1992 முதல் தடை உள்ளதைக் கூறி, மாணவர் பைகளையும் பார்த்தோம்.

மாலையில் புல்வெளியில் அமர்ந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்றைக் கூறினோம். 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கித்தா நாற்றுகள் இப்பூங்காவிற்கு வந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் வெட்டுமுறையை இங்கே ஆய்ந்து கண்டார். கித்தா பயிரிடுமாறு பலரையும் வற்புறுத்தியதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டமும் பெற்றார். அந்தக் கித்தாதான் பின்னர் நம் முன்னோரைத் தோட்டங்களுக்கு அழைத்து வந்தது. துணைக்கு வந்திருந்த பாட்டி இதைக் கேட்டுக் கொண்டே, பாயின்மேல் விரலால் சாய்வாக ஒரு கோடு கிழித்தார். "இந்த வெட்டுத்தானே ஐயா?" என்றார். "ஆம் அம்மா" என்றோம்.

பின்னர்ப் பொட்டலங்களை விரித்தோம். புளி மணமும் வாழையிலை மணமும் எழுந்தன. நாம் ஓரக்கண்ணால் சுற்றிலும் நோக்கினோம். எவரும் நம்மைப் பார்க்கவில்லை. அவரவர் தத்தம் உணவிலும் பேச்சிலும் ஈடுபட்டிருந்தனர். இத்தனை ஆண்டுகள் அஞ்சிய கண்கள் எங்கே இருந்தன என்று எண்ணிக் கொண்டோம்.

ஒன்றை மட்டும் மறந்திருந்தோம். கையால் உண்ணும் 38 பேருக்குக் கை கழுவ நீர் ஒதுக்கவில்லை! பாட்டி தம் பையிலிருந்து நனைத்துப் பிழிந்த துண்டுகளை எடுத்து நீட்டினார். இசை தொடங்குமுன் இலைகளைத் திரட்டிப் பையில் கட்டினோம். வயலின்கள் ஒலித்தபோது பிள்ளைகள் அசையாது அமர்ந்திருந்தனர். இளையவன் ஒருவன் பாட்டியின் மடியில் உறங்கிப் போனான்.

கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு? நம் தாயார் கட்டிக் கொடுத்தது நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நம்முடன் வந்தது. மாணவச் செல்வங்களே, நாளைக் காலை உங்கள் அன்னையார் தரும் பொட்டலத்தை எல்லார் முன்னிலையிலும் விரித்து உண்ணுங்கள். பெற்றோர்களே, அடுத்த பயணத்தில் கை கழுவும் நீரை நாம் மறவோம்.